‘தட்டணு எவ்வளவு, டாக்டர்?’

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காய்ச்சல் வார்டுகளில் காலை ரவுண்ட்ஸ் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும். நேற்று 90 ஆயிரம், இன்று 62 ஆயிரம் என்றதும் கட்டிலருகே நிற்கும் அம்மாவின் முகம் வாடிவிடும். ‘தட்டணு ஏத்துங்க டாக்டர்’ என்று மன்றாடுவார். பப்பாளி இலைச் சாறு ஏற்கெனவே ஊரிலிருந்து வந்து சேர்ந்திருக்கும்.

ஆனால், டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் வேறொன்று. ரத்த நாளங்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்துவிடுகிறது. அதைக் காட்டிக்கொடுப்பது, அதே ரிப்போர்ட்டில் யாரும் கேட்காமல் கிடக்கும் ஹீமடோகிரிட். ரத்தத்தின் மொத்த அளவில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும் எண் அது. நீர் கசியக் கசிய ரத்தம் கெட்டிப்பட்டு இந்த எண் ஏறும். வழக்கமாக 36 இருக்கும் ஒரு பெண்ணுக்கு 44 வந்தால் 20 சதவீதத்துக்கும் மேலான உயர்வு, ஆபத்து நெருங்கிவிட்டது. ஆனால் பெண்களுக்கான இயல்பு எல்லையே ஏறத்தாழ 36 முதல் 46 வரை என்பதால், லேப் இயந்திரம் அந்த வரியில் எந்த அடையாளமும் போடாது. தட்டணு வரியில் மட்டும் ‘குறைவு’ என்று கறுத்த எழுத்தில் அச்சாகியிருக்கும். எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும்.

அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் தாளைக் கையில் வாங்குமுன் நாடியைப் பிடிக்கிறார். கை கால் சில்லிட்டிருக்கிறதா, வயிறு வலிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று கேட்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில்தான் இந்தக் கசிவு பெரும்பாலும் தொடங்கும். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு, எண்ணிக்கை குறைந்த ஒரே காரணத்துக்காகத் தட்டணு ஏற்றுவதால் பலன் கிடைப்பதில்லை.

எந்தப் பரிசோதனை என்பதைப் போலவே, எந்த நாளில் என்பதும் முக்கியம். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள் நன்றாகப் பிடித்துக்கொடுக்கும். உடலின் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐ.ஜி.எம். அதற்குப் பிறகுதான் கைகொடுக்கும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். பார்த்து ‘டெங்கு இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்புவது, விதைத்த மறுநாளே வயலைப் பார்த்துவிட்டு விளைச்சல் இல்லை என்பதற்குச் சமம்.

காய்ச்சல் என்றாலே எழுதித் தரப்படும் இன்னொன்று ‘வைடால்’. பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னாண்ட் விடால் 1896-ல் விவரித்த டைஃபாய்டு பரிசோதனை. டைஃபாய்டு புழங்கும் நம் ஊர்களில், முன்பு எப்போதோ வந்துபோன தொற்றின் தடம்கூட இதில் பாசிட்டிவ் காட்டும். நோய் உண்மையாகவே இருப்பவருக்கு முதல் வாரத்தில் நெகட்டிவ் வருவதும் உண்டு. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் எடுப்பதுதான் சரியான வழி. கல்ச்சர் முடிவுக்குச் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். வைடால் மாலைக்குள் வந்துவிடும். அந்த அவசரத்தில் வேண்டாத ஆன்டிபயாடிக்குகளை எத்தனை குழந்தைகள் விழுங்குகிறார்கள் என்பது உண்மையிலேயே வேதனை தருகிறது.

இந்தத் தடுமாற்றம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1978-ல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் மருத்துவமனைகளைச் சேர்ந்த மருத்துவர்கள், மாணவர்கள் 60 பேரிடம் ஒரு கணக்குக் கேட்டார்கள். ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. நோய் இல்லாதவர்களில் 100-க்கு 5 பேருக்குப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்த ஒருவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? அதிகம் பேர் சொன்ன பதில், 95 சதவீதம். போட்டுப் பாருங்கள்: ஆயிரம் பேரில் நோயாளி ஒருவர், மீதி 999 பேரில் ஏறத்தாழ 50 பேருக்கு வீண் பாசிட்டிவ். ஆக, பாசிட்டிவ் வந்த 51 பேரில் ஒருவருக்குத்தான் நோய். சுமார் 2 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

அதே பரிசோதனையை, அறிகுறிகளைப் பார்த்துப் பாதிக்குப் பாதி சந்தேகம் வந்த நோயாளிக்குச் செய்தால் கதையே வேறு. அப்போது வரும் பாசிட்டிவ் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஊசி குத்துவதற்கு முன் மருத்துவர் மனதில் என்ன நினைத்தார் என்பதைப் பொறுத்தே, பிறகு வரும் எண்ணுக்குப் பொருள் கூடுகிறது, குறைகிறது. எதையும் சந்தேகிக்காமல் மொத்தமாகச் செய்யும் ‘முழு உடல் பரிசோதனை’ப் பேக்கேஜ்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. இயல்பு எல்லை என்பது பொதுவாக, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் அளவு. மீதி 5 சதவீதம் பேர் நலமாக இருந்தும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் செய்தால், நல்ல உடல்நலம் உள்ளவருக்கும் ஒன்றாவது பிசகிக் காட்ட 64 சதவீதம் வாய்ப்பு. அதைத் துரத்திக்கொண்டு அடுத்து ஸ்கேன், அடுத்து இன்னொரு நிபுணர்.

சில நேரம் எண்ணே பொய்யாக இருக்கும். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் எகிறிக் காட்டும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம், சிலருடைய தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். இயந்திரம் கொத்துக் கொத்தாகக் கிடப்பவற்றை எண்ணத் தெரியாமல் ‘20 ஆயிரம்’ என்று அச்சடித்துவிடும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவருக்கு அந்தக் கொத்துகள் உடனே தெரியும்.

அப்படிப் பார்க்கும் நோயியல் மருத்துவருக்கு வார்டிலிருந்து என்ன தகவல் போகிறது? பரிசோதனைச் சீட்டில் நோயாளியின் விவரத்துக்கென்றே ஒரு கட்டம் உண்டு. பல சீட்டுகளில் அது காலி. இல்லையென்றால் ‘காய்ச்சல்’ என்ற ஒற்றைச் சொல். நூறு நோயாளிகளைப் பார்த்துக் களைத்த பயிற்சி மருத்துவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அந்தக் கட்டத்தில் ‘ஆறு நாள் காய்ச்சல், குளிர் நடுக்கம், மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது’ என்று ஒரு வரி இருந்தால், லேபில் இருப்பவர் மலேரியாக் கிருமியைத் தேடி அந்தக் கண்ணாடித் துண்டில் கூடுதல் நேரம் செலவிடுவார். முதல் நாள் கிடைக்காவிட்டாலும், மறுநாள் இன்னொரு முறை ரத்தம் அனுப்புங்கள் என்று வார்டுக்குப் போன் செய்வார்.