கண்ணுக்குத் தெரியாத உண்ணி, களைத்துப்போகும் இதயம்

மழை ஓய்ந்து மக்காச்சோளம் முற்றுகிற மார்கழி, தை மாதங்களில் வேப்பந்தட்டைப் பக்கம் காட்டு வேலை மும்முரமாக நடக்கும். தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் அதிகம் தலைகாட்டுவதும் மழைக்குப் பிந்தைய இந்தக் குளிர்காலத்தில்தான்.

ஆட்டிலும் நாயிலும் பிடுங்கிப் போடுகிறோமே, அந்த உண்ணி அல்ல இது. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு சிற்றுயிரின் ஆறுகால் இளம்புழு. ஒரு மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்குகூட இராது. எலிதான் அதற்கு வழக்கமான இரை. மனிதன் குறுக்கே போனால் அவனையும் கடிக்கும். கடித்தது தெரியாது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி. கடித்த இடத்தில் பீடி சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி என மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியே பார்ப்பதில்லை. எல்லோருக்கும் அது வருவதுமில்லை.

ஓரியன்ஷியா என்ற இந்தக் கிருமி ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. அதனால்தான் நுரையீரல், மூளை, சிறுநீரகம் எதையும் விடுவதில்லை. இதயத் தசை வீங்கினால் மூச்சு வாங்கும், நெஞ்சு கனக்கும், ரத்த அழுத்தம் சரியும். ஈ.சி.ஜி., ட்ரோபோனின், எக்கோ மூன்றும் அதைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் லைம் நோய் நிஜ உண்ணி கடித்து வருவது; அதுவும் இதயத்தைத் தாக்கக்கூடும். ஆனால் அது பெரும்பாலும் இதயத்தின் மின்பாதையை அடைத்துத் துடிப்பை மந்தமாக்கும். அதற்குக் கைகொடுக்கும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி ஸ்க்ரப் டைபஸுக்குப் பயன்படாது. சாதாரணக் காய்ச்சல் என்று அந்த ஊசியைப் போட்டுக்கொண்டே நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.

ஸ்க்ரப் டைபஸுக்கு மருந்து டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை. தொடங்கிய இரண்டு நாளில் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் அதிகம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று 7 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023இல் இதை நிறுவியது. இதயம் பாதிக்கப்பட்டுத் தப்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு இதயம் பழையபடி தேறிவிடுகிறது.

காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டு வேலையைச் சொல்லுங்கள். உடம்பை முழுக்கப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.