ஒரு ஜீனின் முகவரி

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "ஜீன் எந்தக் குரோமோசோமில் இருந்தால் என்ன சார்? வேலை நடந்தால் போதாதா?" நல்ல கேள்வி. விடையை நாம் நன்கு அறிந்த வைட்டமின் ஏ-யிலிருந்து தொடங்கலாம்.

அங்கன்வாடியில் குழந்தைகளுக்குத் தரப்படும் இந்த வைட்டமினின் ஒரு பகுதி உடலில் ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. செல்லின் உட்கருவில் அதற்கென ஓர் ஏற்பிப் புரதம் உண்டு. பூட்டில் சாவி பொருந்துவதுபோல அமிலம் பொருந்தியதும், ஏற்பி சில ஜீன்களை இயக்குகிறது. வெள்ளையணுக்கள் முதிர்ச்சி அடைய இது உதவுகிறது. இத்தகைய உட்கரு ஏற்பிகள் மனிதரில் 48 உள்ளன.

இவற்றுள் ரெட்டினாயிக் அமில ஏற்பி ஆல்பாவின் ஜீன், மனிதரில் 17ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ளது. தைராய்டு ஹார்மோன் ஏற்பி ஒன்றின் ஜீனும் அதன் அருகில்தான். சுண்டெலியில் இவ்விரண்டும் 11ஆம் குரோமோசோமில் இருந்தாலும், அங்கும் அண்டை வீட்டார்தாம். பொது மூதாதையிடமிருந்து வந்த வரிசை இன்னும் கலையவில்லை.

இந்த முகவரி ஓர் உயிர்காக்கும் துப்பானது. ஒருவகை இரத்தப் புற்றுநோயில் 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை 1977இல் ஜேனட் ரௌலி குழுவினர் தெரிவித்தனர். ஏற்பி ஜீனின் இடமும் 17 என்று பின்னர் தெரிந்தது. முறிவு அந்த ஜீனுக்குள்ளேயே நிகழ்வது 1990இல் உறுதியானது. முறிந்த ஜீன் வேறொரு ஜீனுடன் ஒட்டிக்கொள்வதால் உருவாகும் கலப்புப் புரதம், செல்கள் முதிர்வதைத் தடுக்கிறது. ரெட்டினாயிக் அமில மருந்து அந்தத் தடையை நீக்குகிறது. ஆர்செனிக் டிரைஆக்சைடு கலப்புப் புரதத்தையே சிதைக்கிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு ஆர்செனிக் மருந்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு சிகிச்சை அளித்தனர். அவர்களுள் 62 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. விலை உயர்ந்த சிகிச்சைக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு இது பெரிய நம்பிக்கை. (வைட்டமின் ஏ சொட்டு மருந்து புற்றுநோய்க்கு மருந்தாகாது என்பதையும் மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.)

வகுப்பறைச் செயல்பாடு: இரண்டு காகிதப் பட்டைகளில் "மணி அடித்ததும் எழுதுவதை நிறுத்து", "மழை நின்றதும் விளையாடத் தொடங்கு" என்று எழுதச் சொல்லுங்கள். நடுவில் வெட்டி, பின்பாதிகளை மாற்றி ஒட்டட்டும். ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆனால் கட்டளை மாறிவிட்டது. ஜீன் இருக்கும் இடம் ஏன் முக்கியம் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

– பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), அயோத்தியாப்பட்டணம், சேலம் மாவட்டம்