58 வயதுக்குப் பிறகு எந்த வீடு?

மணமுறிவுக்குப் பிறகு நடுவயதில் பெண்களுக்கு வரும் தடுமாற்றம் பற்றி எழுதச் சொன்னார்கள். சென்னையில் என்றால் கவுன்சலிங், தனிமை, மறுமணம் என்று எழுதிவிடலாம். கேரளத்தின் மூணாறு, நெல்லியாம்பதி தோட்டங்களில் இதே பேச்சை எடுத்தால் பத்து நிமிடத்தில் அது வீட்டில் வந்து நிற்கிறது. மனசெல்லாம் அப்புறம்தான், லயத்து (தோட்டம் கொடுக்கும் வரிசை வீட்டு) சாவி யார் கையில் என்பது முதல் கேள்வி.

இங்கே டைவர்ஸ் வரை போகிறவர்கள் குறைவு. கோர்ட்டுக்குப் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. புருஷன் பனியன் கம்பெனி வேலை என்று திருப்பூருக்குப் போகிறார். முதலில் மாதம் ஒருமுறை வருவார், அப்புறம் பொங்கலுக்கு மட்டும், அப்புறம் அதுவும் கிடையாது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்பது லயம் முழுக்கத் தெரியும். தெரிந்தும், "அண்ணன் வந்தாரா?" என்று கேட்பதை மட்டும் யாரும் விடுவதில்லை.

மூணாறுக்கு மேலே ஒரு தோட்ட டிவிஷனில் இருக்கும் அக்காவுக்கு வயது 55. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு நடுரோட்டில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான பெண்களில் அவரும் ஒருவர். 232 ரூபாய் தினக்கூலி 301 ஆனது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான். போராட்டம் முடிந்த மறு வருஷம் புருஷன் போய்விட்டார். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் குறுகலான திண்ணை. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டு, பி.எஃப். சீட்டுகளோடு ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருக்கிறது. மஞ்சள் பூசிய ஓரம் கறுத்துப்போயிருக்கிறது. பாசத்தில் வைத்திருப்பதல்ல. போடி பக்கம் கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு கிடையாது. ஜீவனாம்சம் கேட்டுப் போனால் காட்டுவதற்கு வேறு காகிதம் இல்லை.

கேரளத்தில் விதவை பென்ஷன் விதியில், கணவனைப் பற்றி ஏழு வருஷத்துக்கு மேல் தகவலே இல்லாத பெண்களுக்கும் இடம் உண்டு. ஆனால் இந்த மனிதர்தான் காணாமல் போகவில்லையே, போன் நம்பர் கூட இருக்கிறது! தமிழ்நாட்டில் ஐந்து வருஷம் கைவிடப்பட்டிருந்தால் உதவித்தொகை கிடைக்கும். அதற்கு அங்கே குடியிருக்க வேண்டும். கம்பத்திலிருந்து விடியக்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து, கம்பம்மெட்டு ஏறி கேரள ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கொடுப்பினை. அவர்களுக்குக் கூலி இந்தப் பக்கம், கார்டும் வீடும் அந்தப் பக்கம்.

தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுக்கச் சொன்னது. தொழிலாளியாக இருக்கும்வரைதான் என்பது அதற்குள்ளேயே அடக்கம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. யார் பெயரில் இருந்தாலும் புருஷனோடு குடியிருந்த வீட்டில் இருக்க மனைவிக்கு உரிமை உண்டு என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லயம் புருஷனுக்கும் சொந்தமில்லையே! அவர் பெயரில் ஒதுக்கிய வீடு, அவர் நின்றுவிட்டால் தோட்டத்துக்கே திரும்பும். மனைவி நிரந்தரத் தொழிலாளி என்றால் தன் பெயருக்கு மாற்றிக் கேட்கலாம். தற்காலிகம் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அக்கா நிரந்தரம். அதனால் ஓய்வு பெறும் 58 வயது வரை கவலையில்லை. அதற்கப்புறம்? வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது கிராஜுவிட்டி கணக்கு. 25 வருஷம் உழைத்தால் 375 நாள் கூலி. வீட்டைக் காலி செய்து கொடுத்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும் என்பது பல தோட்டங்களில் நடைமுறை. அதை வைத்து மூணாறில் ஒரு சென்ட் நிலத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஓய்வு பெற்றால் இரண்டு பங்கு பணம் வரும். சேர்த்துப் போட்டு தேனிப் பக்கமோ பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமோ ஒரு வீடு கட்டிக்கொள்வார்கள். திருப்பூர் போனவர் தன் பங்கைக் கையோடு கொண்டுபோய்விட்டார். மணமுறிவின் வலி என்று நாம் சொல்வதில் பாதி, இந்த அரை வீட்டுக் கணக்குதான்.

குடிகாரன் தொலைந்ததே நிம்மதி என்று சொல்கிற பெண்களும் உண்டு. வீட்டு விஷயத்தில், ஓய்வு பெற்றவர்களுக்கெல்லாம் வீட்டை விட்டுவைத்தால் புதிதாக வருபவர்களை எங்கே வைப்பது என்று நிர்வாகத் தரப்பில் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கலாம்.

வீட்டைத் தக்கவைக்க ஒரு வழி உண்டு. வாரிசு யாராவது தேயிலைக் கொழுந்து எடுக்க வந்தால் லயம் கையை விட்டுப் போகாது. அக்காவின் மகன் பி.காம். முடித்து கோவையில் வேலை பார்க்கிறான். மலையேற மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டான். வரப்போகும் மருமகளைச் சேர்க்கலாமா என்று யூனியன் ஆபீசில் கேட்டு வைத்திருக்கிறார் அக்கா. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நகை வேண்டாம், தோட்ட வேலைக்கு வரச் சம்மதித்தால் போதும் என்று தரகரிடம் சொல்லியாகிவிட்டது. இதுவரை மூன்று ஜாதகம் வந்தது; மூன்று பெண்களுமே நர்சிங் படித்தவர்கள்.