மணலும் ஏடும்: மொரிட்டானியா நாட்டின் கதை



ஒரு நாள் ஐந்தாம் வகுப்பில் உலகப் படத்தை விரித்து வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் விரலை வைத்த ஒரு மாணவி, “சார், இவ்வளவு பெரிய நாட்டில் ஊர்ப் பெயர்களையே காணோமே! அங்கே ஆட்கள் இல்லையா?” என்று கேட்டாள். அவள் விரல் வைத்த இடம் மொரிட்டானியா. அன்று வகுப்பில் சுருக்கமாகச் சொன்ன பதிலை இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மொரிட்டானியாவின் பரப்பு ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் மலேசியாவைப் போல மூன்று மடங்கு. ஆனால் மக்கள் தொகையோ சுமார் 50 லட்சம்தான். காரணம், நாட்டின் பெரும்பகுதி சகாரா பாலைவனம். தெற்கு எல்லையில் ஓடும் செனகல் ஆற்றின் கரையில்தான் சோளமும் கம்பும் நெல்லும் விளைகின்றன. மேற்கே அட்லாண்டிக் கடலில் மீன் வளம் நிறைய உண்டு. ஆகவே அந்த மாணவி கண்டது உண்மைதான், ஊர்கள் குறைவு. ஆனால் வரலாறு குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

முற்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் ‘கானா’ என்ற பேரரசு இருந்தது. 1957இல் விடுதலை பெற்ற இன்றைய கானா நாடு அந்தப் பழம் பெயரைச் சூட்டிக்கொண்டதே தவிர, அது இருக்கும் இடம் வேறு. பழைய பேரரசின் தலைநகரம் என்று ஆய்வாளர்கள் கருதும் கும்பி சாலே, இன்றைய மொரிட்டானியாவின் தென்கிழக்கில் இருக்கிறது. தெற்கிலிருந்து தங்கமும் வடக்கிலிருந்து உப்பும் ஒட்டகங்களின் முதுகில் அவ்வழியே சென்றன. 11ஆம் நூற்றாண்டில் இப்பாலைவனத்து மக்களிடமிருந்தே ‘முராபித்தூன்’ என்ற சமய இயக்கம் எழுந்தது. அவர்கள் மொரோக்கோவில் மராக்கேஷ் நகரை அமைத்தார்கள். 1086இல் கடல் கடந்து ஸ்பெயின் மண்ணிலும் போரிட்டு வென்றார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்; பிறகு வேறோர் இடத்தில் இதைச் சந்திப்போம்.

ஒட்டக வணிகர்கள் தங்கிச் சென்ற ஊர்களில் புகழ் பெற்றது சிங்கெத்தி. மக்கா செல்லும் பயணிகள் ஒன்றுகூடிய இடம் அது. அங்குள்ள குடும்பங்கள் சமயம், சட்டம், இலக்கணம், வானியல், மருத்துவம் ஆகியவை பற்றிய கையெழுத்து ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றன. சிங்கெத்தி உட்பட நான்கு பழைய ஊர்களை 1996இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. மணல்மேடுகள் நகர்ந்து வந்து வீடுகளின் சுவரை முட்டுகின்றன. ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் ஏடு. எது வெல்லும் என்பதே அந்த ஊர்க்காரர்களின் அன்றாடக் கவலை.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது அவர்களுடைய ‘மஹ்தரா’ என்னும் பள்ளிக்கூடம். அதற்குக் கட்டடம் தேவையில்லை. ஆசிரியரின் கூடாரமே பள்ளி. மாணவர்கள் மரப்பலகையில் மையால் எழுதி மனப்பாடம் செய்வார்கள். பாடம் நெஞ்சில் பதிந்ததும் பலகையைக் கழுவி அடுத்த பாடத்தை எழுதுவார்கள். இந்தக் கல்வி முறையை 2023இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

ஆனால், நேயர்களே, அந்தப் பலகை எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் கிட்டவில்லை. இதைச் சொல்லாமல் மொரிட்டானியாவின் கதையைச் சொன்னதாக ஆகாது. அந்தச் சமுதாயத்தில் அடிமை முறை வேரூன்றி இருந்தது. ஒருவர் அடிமையாகப் பிறந்தால் அவர் பிள்ளையும் அடிமை. கிணற்றில் நீர் இறைப்பதும் ஆடு மேய்ப்பதும் வீட்டு வேலை செய்வதும்தான் அப்பிள்ளைக்கு விதிக்கப்பட்ட பாடம். அடிமைகளாக இருந்தோரின் வழிவந்தவர்களை ‘ஹராத்தீன்’ என்று அழைக்கிறார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அந்நாட்டைத் தங்கள் ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள். வியப்பு என்னவென்றால், அதை அவர்கள் ஆண்டது அண்டை நாடான செனகலில் உள்ள செயின்ட் லூயி நகரிலிருந்து! எனவே விடுதலை நெருங்கியபோது புதிய தலைநகரம் ஒன்றையே கட்ட வேண்டியதாயிற்று. கடலோரத்தில் சிறு ஊராக இருந்த நுவாக்சோட்டில் 1958இல் அடிக்கல் நாட்டினார்கள். 1960 நவம்பர் 28இல் நாடு விடுதலை பெற்றது. மொக்தார் உல்த் தாதா முதல் அதிபரானார். சில ஆயிரம் பேருக்கென எழுந்த அந்த நகரத்தை, 1970ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் கால்நடைகளை இழந்தவர்கள் வந்து நிறைத்தார்கள். இன்று அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள்.

நாட்டின் வருமானத்துக்குப் பெரும் துணை இரும்புத் தாது. சுவேராத் சுரங்கத்திலிருந்து நுவாதிபு துறைமுகம் வரை 704 கிலோமீட்டர் இரயில் பாதை 1963இல் திறக்கப்பட்டது. அதில் ஓடும் இரயில் இரண்டரைக் கிலோமீட்டர் நீளம் வரை இருக்கும். முதல் பெட்டி ஊரைத் தாண்டும்போது கடைசிப் பெட்டி இன்னும் பாலைவனத்தில் இருக்கும்!

1976இல் ஸ்பெயின் விட்டுச் சென்ற மேற்கு சகாராவை மொரோக்கோவும் மொரிட்டானியாவும் பங்கிட்டுக்கொண்டன. அதை எதிர்த்த பொலிசாரியோ படையினர் இந்த இரயில் பாதையையே தாக்கினார்கள். போர்ச் செலவில் நாடு தள்ளாடியது. 1978இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டு மொரிட்டானியா தன் பங்கைக் கைவிட்டுச் சமாதானம் செய்துகொண்டது. அதன்பின் 1984, 2005, 2008 ஆகிய ஆண்டுகளிலும் இராணுவப் புரட்சிகள் நடந்தன. தேர்தலில் வந்த அதிபர் ஒருவர், தேர்தலில் வென்ற இன்னொருவரிடம் ஆட்சியை ஒப்படைத்தது 2019இல்தான் முதன்முறை. அவ்விருவருமே முன்னாள் படைத்தளபதிகள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இனி அடிமை முறைக்கு வருவோம். அதை 1981இல் சட்டப்படி ஒழித்தார்கள். உலகிலேயே கடைசியாக இதைச் செய்த நாடு மொரிட்டானியாதான். ஆனால் அடிமை வைத்திருப்பவருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. தண்டனை இல்லாத சட்டம் பூட்டு இல்லாத கதவு அல்லவா? 2007இல்தான் அது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அதே ஆண்டு ஹராத்தீன் சமூகத்தைச் சேர்ந்த மெசாவூத் உல்த் புல்கைர் நாடாளுமன்றத் தலைவரானார். 2015இல் தண்டனையைக் கடுமையாக்கித் தனி நீதிமன்றங்களையும் அமைத்தார்கள். ஆயினும் வழக்குகள் குறைவு, தண்டனை பெற்றோர் அதைவிடக் குறைவு என்று அந்நாட்டு மனித உரிமைத் தொண்டர்கள் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னதற்காகச் சிறை சென்றவர்களும் உண்டு.

தெற்கே வாழும் ஃபுலானி, சோனின்கே, வோலோஃப் மக்களுக்கும் மனக்குறைகள் உண்டு. 1989இல் செனகலுடன் மூண்ட கலவரத்தின்போது அவர்களில் பல்லாயிரம் பேர் சொந்த நாட்டிலிருந்தே துரத்தப்பட்டார்கள். 2022இல் வந்த கல்விச் சட்டம் அவர்களுடைய தாய்மொழிகளுக்கும் பள்ளியில் இடம் தருகிறது. இதுவும் ஏட்டிலிருந்து வகுப்பறைக்கு முழுமையாக வந்து சேர வேண்டும்.

இத்தனை பிரிவுகள் உள்ள மக்களை ஒன்று சேர்ப்பது எது? வீட்டுக்கு வருபவருக்கு மூன்று குவளை புதினாத் தேநீர் கொடுக்கும் வழக்கம் ஒன்று. பெண்கள் மீட்டும் ‘அர்தின்’ யாழின் இசை மற்றொன்று. அண்மைக் காலத்தில் காற்பந்தும் சேர்ந்துகொண்டது. தேசியக் குழுவின் பெயர் என்ன தெரியுமா? ‘முராபித்தூன்’! 2012இல் உலகத் தரவரிசையில் 206ஆம் இடத்தில் கிடந்த குழு அது. 2018 நவம்பரில் நுவாக்சோட்டில் போட்ஸ்வானாவை 2–1 என்று வென்று, ஆப்பிரிக்கக் கிண்ணப் போட்டிக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றது. 2024 ஜனவரியில் ஐவரி கோஸ்டில் வலிமை வாய்ந்த அல்ஜீரியாவை 1–0 என்று தோற்கடித்தது. அந்தக் கோலைப் போட்டவர் முகமது தெல்லாஹி யாலி. குழுவின் பெயர்ப் பட்டியலில் அரபுப் பெயரும் ஃபுலானிப் பெயரும் சோனின்கேப் பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன. பந்து கோலுக்குள் போகும்போது அதை உதைத்தவர் எந்தக் குலம் என்று யாரும் கேட்பதில்லை.

காற்பந்துத் திடலில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் சமத்துவம், கிணற்றடியிலும் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் கிடைக்க வேண்டும். நல்ல சொற்களை ஏட்டில் எழுதுவதில் அந்த மக்கள் ஆயிரம் ஆண்டுப் பழக்கம் உள்ளவர்கள். எழுதியதை நடப்பில் கொண்டுவருவதே இப்போது அவர்கள் முன் இருக்கும் வேலை.

“ஆட்கள் இல்லையா?” என்று கேட்ட மாணவிக்கு இதைத்தான் சொன்னேன்: “இருக்கிறார்கள், அம்மா. அவர்கள் எல்லோருடைய பெயரும் சரிசமமாக எழுதப்படும் நாளுக்குத்தான் அந்த நாடு காத்திருக்கிறது.”