ஆளில்லா முதற்பயணம்



மாணிக்கக் குழியிலோ பாழ்ங்கிணற்றிலோ ஆள் இறங்குமுன் எரியும் விளக்கொன்றை இறக்கிப் பார்ப்பதுண்டு. விளக்கு அணைந்தால், இறங்கவிருந்தவர் உயிர் பிழைத்தார். விண்வெளி அறிஞர் கைக்கொள்வதும் இவ்வழியே.

1960 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் மெர்க்குரித் திட்டத்து ரெட்ஸ்டோன் ரொக்கெட், ஆளின்றிப் புறப்பட்டு, 4 அங்குலமே எழுந்து மீண்டும் மேடையில் அமர்ந்தது. தரையோடு பிணைத்த இரு மின் இணைப்புகள் வரிசை மாறிக் கழன்றமையால் இயந்திரம் நின்றுவிட்டது. குறை திருத்தப்பெற்று, டிசெம்பர் 19 அன்று மறுசோதனை வெற்றி கண்டது. 1961 ஜனவரி 31 அன்று ஹாம் என்னும் சிம்பன்சி சென்று உயிருடன் மீண்டது. எனினும் அந்த ரொக்கெட் அளவுக்கு மிஞ்சிய வேகங்கொண்டமையால், மார்ச் 24 அன்று மீண்டுமோர் ஆளில்லாச் சோதனை நடத்தினர். அந்தத் தாமதத்தினிடையே, ஏப்ரல் 12 அன்று சோவியத்தின் யூரி ககாரின் முந்திக்கொண்டார். மே 5 அன்றே அமெரிக்கர் அலன் ஷெப்பர்ட் சென்று நலமே திரும்பினார்.

2023 ஒக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ககன்யான் சோதனையைப் புறப்பாட்டுக்கு 5 விநாடி முன்பு கணினி நிறுத்திற்று. குறை நீக்கி அன்றே ஏவினர். ஆளில்லாக் கலம் பரசூட்டுகளின் துணையுடன் வங்கக்கடலில் இறங்கிற்று.

முந்துவது பெருமைதான், ஆயினும் சென்றவர் வீடு திரும்புவதன்றோ முதன்மையானது?