சூரனுக்கு எத்தனை முகங்கள்?

கரோல் பாக் மெட்ரோ நிலையத்திலிருந்து நீலத் தடத்தில் மேற்கே எட்டாவது நிலையம் டாகூர் கார்டன். அதையடுத்த தித்தர்பூரில், தசராவுக்கு முன் மூங்கிலாலும் காகிதத்தாலும் இராவண உருவங்கள் உருவாகின்றன. தெற்கே திருச்செந்தூர்க் கடற்கரையில், சூரசம்ஹாரத்தன்று யானைமுகம், சிங்கமுகம், சூரபத்மனின் முகம் எனத் தலைகள் மாறி மாறி வருகின்றன. பகைவன்மேல் பல உயிர்களின் இயல்பை ஏற்றும் கற்பனை நமக்குப் புதிதன்று.

மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பகடையும் கொண்டு ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளிலும் இதுவே நடைபெறுகிறது. இவற்றின் முன்னோடி, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதன் மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்தது. அதில் 'டெம்ப்ளேட்' எனப்படும் வார்ப்புகளை ஓர் உயிரின்மேல் ஏற்றி, புதிய வில்லனைப் படைக்கலாம்.

ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஐந்தாம் நிலைப் போர்வீரன் இரத்தக் காட்டேரியானால், அவனது அறைகூவல் எண் 5-லிருந்து 7 ஆகிறது. வலிமையோடு, சூரிய ஒளியில் அழியும் பலவீனமும் சேர்கிறது. வரவு எழுதும்போதே பற்றும் எழுதப்படும் இரட்டைப் பதிவு முறையைப் போன்றது இது.

எல்லா வார்ப்புகளும் ஒன்றோடொன்று இணையா. 'அரை டிராகன்' வார்ப்பு உயிருள்ள உடலுக்கே பொருந்தும். காட்டேரியோ இறந்தும் உலவுவது. முதலில் டிராகன் இயல்பை ஏற்றினாலோ, அவ்வுயிர் மனித வகையினின்று நீங்கிவிடுவதால் காட்டேரி வார்ப்பு பொருந்தாது. ஆட்டத்தை நடத்துபவர் விதியைத் தளர்த்தலாம். ஆனால் அதனால் கூடும் வலிமையைக் கணக்கில் கொள்ள வேண்டும். இல்லையேல் எவ்வளவு முயன்றும் வெல்ல முடியாத பகைவன் முன் ஆடுவோர் சோர்ந்துவிடுவர்.

எண்கள் மட்டும் நல்ல வில்லனை உருவாக்கிவிடா. மாமல்லபுரத்து மகிடாசுரன் மனித உடலும் எருமைத் தலையும் கொண்டவன். ஒரே ஒரு கலப்புதான்; ஆயினும் கண்டவுடன் அவன் யாரென விளங்குகிறது. இரணியனோ மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், வீட்டின் உள்ளும் புறமும் சாவு நேராதவாறு வரங்களை அடுக்கிக்கொண்டான். அவ்வரங்களுக்கு இடையே அந்தியும் வாசற்படியும் எஞ்சியிருந்தன. மனிதனும் விலங்கும் கலந்த நரசிம்மமே அங்கு நுழைந்தது.

பிள்ளைகளோடு விடுமுறையில் ஆட விரும்புவோர் இரண்டு வார்ப்புகளோடு தொடங்கலாம். வில்லனின் பலவீனத்தை முதலிலேயே எழுதி வைத்து, அதற்கான குறிப்புகளைக் கதையின் நடுவே தூவ வேண்டும். பகடையின் தயவின்றித் தம் அறிவால் அதனைக் கண்டறியும்போதே பிள்ளைகளுக்கு வெற்றி இனிக்கும்.