கடற்போர் நாவலுக்குள் இவ்வளவு நிஜமா? தெரியுமா?

54 பேர் மட்டுமே இருந்த ஒரு குட்டிக் கப்பல், 319 பேர் இருந்த பெரிய போர்க்கப்பலைப் பிடித்தது என்று ஒரு நாவலில் வந்தால் என்ன சொல்வோம்? 'எழுத்தாளர் நன்றாக அளக்கிறார்' என்போம்! பேட்ரிக் ஓபிரையனின் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' நாவலை வரலாற்றோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். நம்பவே முடியாத இடங்கள்தான் அதில் அசல் சம்பவங்கள்!

1969-இல் வெளியான இந்த நாவல் நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் கடற்படையைப் பற்றியது. கேப்டன் ஜாக் ஆப்ரி, அவருடைய நண்பரும் கப்பல் மருத்துவருமான ஸ்டீஃபன் மாட்டுரின் ஆகிய இருவரின் கதை 20 நாவல்களாக நீண்டது. 21-ஆவது முடிவதற்குள், 2000-இல் ஓபிரையன் காலமானார்.

அந்தச் சண்டை நிஜமாகவே நடந்தது, தெரியுமா?

நாவலில் ஆப்ரியின் கப்பல் 'சோஃபி'. நிஜத்தில் அது 'ஸ்பீடி'. கேப்டன் தாமஸ் காக்ரேன். 14 பீரங்கிகள்; ஒவ்வொன்றும் சுடுவது 4 பவுண்டு குண்டு. ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து வெடித்தாலும் வெளியே போகும் இரும்பு 28 பவுண்டு, ஏறக்குறைய 13 கிலோதான்! எதிரே வந்த ஸ்பானியக் கப்பல் 'எல் காமோ'வுக்கு 32 பீரங்கிகள். அது ஒரு பக்கத்திலிருந்து ஏறத்தாழ 190 பவுண்டு இரும்பை வீசும்!

1801 மே 6, பார்சிலோனா அருகே. காக்ரேன் தப்பி ஓடவில்லை. அமெரிக்கக் கொடியை ஏற்றி எதிரியைக் குழப்பி, நெருங்கி, காமோவின் விலாவோடு தன் கப்பலை ஒட்ட வைத்தார். காமோ உயரம், ஸ்பீடி குள்ளம். அதனால் காமோவின் குண்டுகள் தலைக்கு மேலே பறந்து வீணாயின! ஸ்பீடியின் குண்டுகளோ கீழிருந்து மேலாகக் காமோவின் தளத்தைப் பிளந்தன. பிறகு காக்ரேனின் ஆட்கள் எதிரிக் கப்பலில் தாவி ஏறினார்கள், அதிலும் ஒரு கூட்டம் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு! அப்போது ஸ்பீடியின் சுக்கானைப் பிடித்திருந்தது யார் தெரியுமா? கப்பல் மருத்துவர் குத்ரி! நாவலில் மாட்டுரின் சுக்கானைப் பிடிப்பது இதிலிருந்து வந்ததுதான்.

சண்டை உச்சத்தில் இருந்தபோது காக்ரேன் ஸ்பானியக் கொடியை இறக்கச் சொன்னார். தங்கள் அதிகாரிகளே சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்து ஸ்பானிய மாலுமிகள் சண்டையை நிறுத்திவிட்டார்கள்!

தோற்றவர் நற்சான்றிதழ் கேட்டார், தெரியுமா?

காமோவின் கேப்டன் சண்டையில் இறந்துவிட்டார். அடுத்த நிலை அதிகாரி காக்ரேனிடம் வந்து, 'நான் கடமை தவறவில்லை என்று எழுதித் தாருங்கள்' என்று கேட்டாராம். உண்மையான ஸ்பானியரைப் போல நடந்துகொண்டார் என்று காக்ரேன் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் காட்டியே அவர் பின்னாளில் பதவி உயர்வு பெற்றதாகக் காக்ரேன் தன் வரலாற்றில் சொல்கிறார்!

விளக்கை மிதக்கவிட்டுத் தப்பினார்கள், தெரியுமா?

இரவில் பெரிய கப்பல் ஒன்று துரத்துகிறது. பீப்பாயில் விளக்கை ஏற்றிக் கடலில் விட்டுவிட்டு, இருட்டில் வேறு திசையில் நழுவுகிறார்கள். எதிரி விளக்கைத் துரத்திக்கொண்டு போகிறான்! இந்த நாவல்களை வைத்து 2003-இல் பீட்டர் வியர் எடுத்த திரைப்படத்தில் கைதட்டல் வாங்கிய இந்தத் தந்திரமும் காக்ரேன் செய்துகாட்டியதே.

நாவலாசிரியருக்கு ஆண்டுகள் போதவில்லை, தெரியுமா?

முதல் நாவல் 1800 ஏப்ரலில் தொடங்குகிறது. ஆறாவது நாவலிலேயே 1813 வந்துவிட்டது! போரோ 1815-இல் முடிந்துவிடும். ஓபிரையன் என்ன செய்தார்? 1812அ, 1812ஆ என்று இல்லாத ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ள நேரலாம் என்று ஒரு நாவலின் முன்குறிப்பில் வாசகர்களிடமே சொல்லிவிட்டார்!

எலுமிச்சையின் வெற்றி மெட்ராஸில் தெரிந்தது, தெரியுமா?

அந்தக் காலத்தில் பீரங்கியைவிட அதிகம் பேரைக் கொன்றது நோய். அதிலும் ஈறு அழுகி, பழைய புண்கள்கூடத் திறந்துகொள்ளும் ஸ்கர்வி! 1794-இல் 'சஃபோக்' என்ற போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து 23 வாரம் எங்கும் கரை தொடாமல் மெட்ராஸ் வந்தது. மாலுமிகளுக்குத் தினமும் எலுமிச்சைச் சாறு கொடுத்ததால் ஸ்கர்வி ஆட்களைச் சாய்க்கவில்லை. மறு ஆண்டே கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஏற்றுக்கொண்டது. மாட்டுரினின் மருந்துப் பெட்டியைப் பற்றிப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்!

உயிரோடு இருந்தாலே பதவி உயர்வு, தெரியுமா?

கேப்டன்களின் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், அதன்பின் மூப்பின்படி அட்மிரல் வரை போகலாம். ஆப்ரி அந்தப் பட்டியலுக்காகத் தவிப்பது இதனால்தான். ஜேன் ஆஸ்டினின் அண்ணன் ஃபிரான்சிஸ் அப்படி ஏறி ஏறி, 89 வயதில் கடற்படையின் மிக உயர்ந்த பதவியை எட்டினார்! தம்பி சார்லஸும் அட்மிரல்தான். 1852-இல் பர்மாவில் இறந்த அவரது கல்லறை நம் திருகோணமலையில் இருக்கிறது!

அப்படியானால் ஓபிரையன் எதைத்தான் கற்பனை செய்தார்?

இங்கேதான் இந்த நாவலைப் பாடமாகப் படிப்பதன் பலன். நிஜத்தில் காமோவுடன் நடந்த சண்டையில் காக்ரேனின் லெப்டினன்ட் பார்க்கர் படுகாயத்தோடு பிழைத்தார். நாவலில் லெப்டினன்ட் ஜேம்ஸ் டில்லன் அந்தச் சண்டையில் இறந்துபோகிறார். டில்லன் அயர்லாந்துக்காரர். 1798-இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த அயர்லாந்துக் கிளர்ச்சிக்காரர்களோடு உறவு வைத்திருந்தவர், இப்போது பிரிட்டிஷ் சீருடையில். எந்தப் பக்கம் நிற்பது என்று உள்ளுக்குள் நொறுங்கும் மனிதர். ஓபிரையன் பழைய கப்பல் பதிவேடுகளையும் அதிகாரிகளின் கடிதங்களையும் தேடிப் படித்தவர். காற்றின் திசை, பீரங்கிகளின் எண்ணிக்கை, இறந்தவர்களின் கணக்கு எல்லாம் அவற்றில் இருந்தன. டில்லனின் மனப்போராட்டத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. சண்டையை வரலாற்றிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள் இருந்த மனிதர்களைத் தானே படைத்தார். வரலாற்று நாவல் எழுத நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?